ஹார்னக்கா வாய் திறக்காத மதியம்

அவளுக்குக் கோபம் வந்தால் தெருமுனையில் நிற்கும் டாக்ஸிக்காரர்கள் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். பயத்தினால் அல்ல. ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிடக் கூடாது என்பதற்காக.

"இது கிளச்சா, கால் மணையா? ஏறி உக்காந்ததுலேர்ந்து காலை எடுக்கவே மாட்டீங்களா?"

"என்ஜின் ஆயிலா இது? தாரு! இதை ஊத்தித் தெருவுல இருக்கிற பள்ளத்தையெல்லாம் மூடலாம்."

வண்டியைப் பழுது பார்க்க விட வந்த பெரிய மனிதர்கள்கூட அவள் முன்னால் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளைப் போலத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். ஹார்னக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. வைத்தவர் தப்பாக வைக்கவில்லை. அவள் குரல் எடுத்தால் எதிரே வருகிற லாரியும் ஒதுங்கும்.

அந்தப் பட்டறை அவள் அப்பாவுடையது. தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்துப் போன சிமென்ட் தரை, சுவரில் அளவு வாரியாகத் தொங்கும் ஸ்பேனர்கள், நடுவில் ஒரு வண்டி நிற்க ஒரு பள்ளம். அப்பாவின் உதவியாள் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு ஓடிய ஒரு நாளில், பிரேக் மிதிக்க ஆள் இல்லை என்று அவளைக் கூப்பிட்டு சீட்டில் உட்கார வைத்தார். அப்போது அவள் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். சீட்டில் ஏறியவள் அதற்குப் பிறகு பட்டறையை விட்டு இறங்கவே இல்லை. கல்யாணம் ஆன மறுவாரமே கிரீஸ் கையோடு வந்து நின்றாள். தம்பி அதற்குப் பல வருஷம் கழித்துத்தான் பட்டறைக்குள் வந்தான். அவனும் நல்ல வேலைக்காரன்தான். அதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மனைவி போடும் சத்தத்துக்கெல்லாம் சேர்த்து அவர் அமைதியாக இருந்தார் என்றே சொல்ல வேண்டும். பிள்ளைகள் அவரை வேன் மாமா என்று கூப்பிடும். பின்சீட்டில் எவன் எவளுடைய முடியை இழுக்கிறான் என்பது திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். "ஜன்னல் பக்கம் கை நீட்டாதே கண்ணு" என்பதற்கு மேல் குரல் உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அந்த வேனை ஓட்டுவதுதான் அவருக்கு உலகம். விடுமுறை விட்டால் வாசலில் உட்கார்ந்து காலையாட்டிக்கொண்டே இருப்பார். வலது கால் மட்டும் ஆடும்.

வினை வந்தது ஒரு பலகையில்.

அப்பா போன பிறகு தம்பி பட்டறைக்குப் புதுப் பலகை மாட்டினான். நீலத்தில் வெள்ளை எழுத்து. அப்பாவின் பெயர். அதற்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'அண்ட் சன்'.

காலையில் வந்தவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல நான் எங்கடா இருக்கேன்?"

"அக்கா, எல்லாக் கடையிலயும் இப்படித்தான் போடுவாங்க. அண்ட் டாட்டர்னு எங்கயாவது பாத்திருக்கியா? சிரிப்பாங்க."

ஒரு போல்ட் லூஸாக இருந்தால் கூரை கிழியக் கத்துகிறவள் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயங்கரம்! திட்டித் தீர்த்திருந்தால் மத்தியானத்துக்குள் ஆறியிருக்கும். அவள் புடவைக்கு மேல் போடும் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். அன்று மூடிய வாயைத் தம்பி பக்கம் திறக்கவே இல்லை. அவனும் வீம்புக்குப் பிறந்தவன். "பேசாட்டி போகட்டும்" என்று அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரே கூரையின் கீழே, ஒரே வண்டியின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, இருவரும் வண்டியிடம் பேச ஆரம்பித்தார்கள்.

"இந்த வண்டிக்குப் புத்தி இருந்தா கியர் ஆயிலை மாத்தச் சொல்லும்" என்பாள் அவள், பானெட்டைப் பார்த்து.

"இந்த வண்டிக்குக் கண்ணு இருந்தா, மாத்தியாச்சுன்னு பாத்துக்கும்" என்பான் அவன், பம்பரைப் பார்த்து.

வண்டிக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வண்டி வேற என்ன சொல்லுது?" என்று கேட்பார். தெருவே சிரித்தது. அவள் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. "இது நல்லதுக்கில்லை" என்று ஒரு தடவை சொன்னார். அவள் பார்த்த பார்வையில் அடுத்த வார்த்தையை விழுங்கிவிட்டார்.

எல்லா வேலையையும் பேசாமல் செய்யலாம். பிரேக்கில் காற்று எடுக்கும் வேலையை மட்டும் பேசாமல் செய்ய முடியாது. பிரேக் குழாயைக் கழற்றி மாட்டினால் எண்ணெயோடு காற்றும் உள்ளே புகுந்துகொள்ளும். எண்ணெய் நசுங்காது, காற்று நசுங்கும். காற்று இருந்தால் பெடலை மிதிக்கிற கால் தரைவரைக்கும் போகும், சக்கரம் நிற்காது. அதனால் ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்துச் சக்கரத்தின் உள்பக்கம் இருக்கும் நிப்பிளைத் திறந்து, காற்று வெளியேறியதும் மூட வேண்டும். மூடுவதற்கு முன்னால் மேலே இருப்பவர் காலை எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. வாய்தான் கண். "மிதி" என்று கீழேயிருந்து. "பிடிச்சிருக்கேன்" என்று மேலேயிருந்து. "விடு" என்று மறுபடி கீழேயிருந்து. கடைசியில் காற்றெல்லாம் போய்ப் பெடல் கெட்டியானதும், சீட்டில் இருப்பவர் "கல்லு!" என்று கத்த வேண்டும். கல்லு என்ற சொல் காதில் விழாமல் கீழே இருப்பவர் சக்கரத்தை மாட்டக் கூடாது. அந்தப் பட்டறையின் சட்டம் அது.

பேச்சு நின்ற பிறகு அந்தச் சட்டமும் தேய்ந்தது. மிதி என்பதற்குச் சக்கரத்தின் இரும்பு டிரம்மில் ஸ்பேனரால் ஒரு தட்டு. விடு என்பதற்கு இரண்டு தட்டு. கல்லு என்பதற்கு? அவன் சீட்டிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்துவான். கதவு சாத்தினால் கல்லு என்று அவள் எடுத்துக்கொண்டாள். யாரும் யாரிடமும் அப்படிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பேசினால்தானே!

அன்றைக்குப் பட்டறைக்கு வந்தது அவள் கணவரின் வேன். பின்சக்கரங்களின் பிரேக் சிலிண்டர் கசிந்துகொண்டிருந்தது. மாற்றினார்கள். பழைய மாடல் வேன். நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழி. ஒரு மூலையில் காற்று நின்றாலும் நான்கும் கெடும். அவள் கீழே, அவன் மேலே. தட்டு, மிதி, இரண்டு தட்டு, விடு. இரண்டாவது சக்கரத்தில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் யாரோ தம்பியைக் கூப்பிட்டார்கள். பெடல் இன்னும் கீழே போகிறது என்பது அவன் காலுக்குத் தெரியும். இன்னொரு சுற்று எடுக்க வேண்டும், வந்து எடுக்கலாம் என்று இறங்கிப் போனான். போகிறவன் கதவைச் சாத்தினான்.

கீழே படுத்திருந்தவளுக்குக் கதவுச் சத்தம் கேட்டது. நிப்பிளை இறுக்கினாள். சக்கரத்தை மாட்டினாள். ஜாக்கியை இறக்கினாள்.

வழக்கமாக அவளே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பாள். அன்று பள்ளிக்கூடம் விடும் நேரம் நெருங்கிவிட்டது. கணவர் வந்து வாசலில் தவித்துக்கொண்டிருந்தார். "கொடு, நானே ஓட்டிப் பாத்துக்கறேன். நானும் டிரைவர்தானே" என்று சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். வேன் போவதைத் தம்பி வாசலிலிருந்து பார்த்தான். வேறு யாரையோ உட்கார வைத்து முடித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தான். "முடிஞ்சுதா?" என்று ஒரு வார்த்தை! கேட்டால் இவன் கௌரவம் என்ன ஆவது?

பள்ளிக்கூடத்துக்கு முந்தின இறக்கத்தில், சைக்கிளில் ஒரு பெண் குறுக்கே வந்தாள். அவர் மிதித்தார். பெடல் தரையைத் தொட்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, வீடு கட்டிக்கொண்டிருந்த ஓர் இடத்தின் மணல் குவியலில் ஏற்றி, அதையும் தாண்டிச் சுவரில் மோதி நிறுத்தினார். சைக்கிள் பெண் தப்பித்தாள். வேனில் பிள்ளைகள் இன்னும் ஏறியிருக்கவில்லை. அவருடைய இடது கால் எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் அக்காவும் தம்பியும் எதிரெதிரே நின்றார்கள். அந்தப் பலகை ஏறிய நாளிலிருந்து முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்தார்கள்.

"நீ ஏன்டா இறங்கினே?"

"நீ ஏன் வீலை மாட்டினே?"

"கதவைச் சாத்தினியே!"

"வெளியே கூப்பிட்டாங்க, போனேன். பெடல் கீழே போகுதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எப்படிடா தெரியும்? பெடல் உன் கால்ல இருந்துதா, என் கால்ல இருந்துதா?"

ஒரு நர்ஸ் ஓடி வந்தாள். "இது ஆஸ்பத்திரிம்மா. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"பேசாம இருந்ததாலதாம்மா இங்க வந்து நிக்கிறோம்!"

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் கையால் மாட்டிய சக்கரம். தன் புருஷன் கால்.

தம்பி பக்கத்தில் குந்தினான். குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, மாமாகிட்டப் பேசிட்டேன். பள்ளிக்கூட மேனேஜர் வந்து கேட்டப்போ, கொஞ்சம் வேகமா வந்துட்டேன்னு மாமாவே சொல்லியிருக்கார். அப்படியே விட்டுடு."

"என்னது?"

"பிரேக் வேலை சரியில்லைன்னு வெளியே தெரிஞ்சா நம்ம வாசல்ல எவன் வண்டியை விடுவான்? உன் வீடு, என் வீடு, ரெண்டுக்கும் அடுப்பு எரியறது அந்தப் பட்டறையாலதானே?"

"வேகமா ஓட்டினார்னு பேர் வாங்கினா அவர் கையில எவன்டா சாவி கொடுப்பான்? பிள்ளைங்க வண்டி! ஒரு தடவை அந்தப் பேர் ஒட்டிச்சுன்னா அவ்வளவுதான், மனுஷன் இருந்தும் இல்லாத மாதிரி ஆயிடுவார்."

"மாமாவே ஒத்துக்கிட்டார்..."

"அவர் எதைத்தான் ஒத்துக்கல? உன் அக்காவைக் கட்டிக்கவே ஒத்துக்கிட்டார்!"

பக்கத்து பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் செத்துப்போனது.

இடிந்த வேனைப் பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். வண்டி சோதனை அதிகாரி வருகிற அன்று காலையில் அவள் போய் நின்றாள். பழுது பார்த்த கடை என்று தம்பியையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேனேஜர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

"வீட்டுக்காரருக்காகக் கெஞ்ச வந்திருக்கீங்களா? புண்ணியமில்லை. வேகமா வந்தேன்னு அவரே சொல்லிட்டாரு. அவரை வேலையை விட்டு அனுப்பறதா முடிவு பண்ணியாச்சு."

"கெஞ்ச வரல சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சட்டையில கிரீஸ் படும்."

அதிகாரி சட்டைக் கையை மடித்துவிட்டு வண்டிக்குள் ஏறினார். பெடலை மிதித்தார். முகத்தைச் சுளித்தார். மறுபடி மிதித்தார். இறங்கி, மோதிய முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

"பெடல் பஞ்சு மாதிரி போகுது. மோதினதுல முன்பக்கக் குழாய் விட்டிருக்கான்னு பாத்தேன். விடல, எங்கேயும் கசிவும் இல்லை. பின்சக்கரத்துலதான் வேலை செஞ்சிருக்கீங்க. அங்க காத்து இருந்தா அது மோதறதுக்கு முன்னாடியே இருந்ததுன்னு அர்த்தம். திறந்து பாத்துடலாம். யாராவது சீட்ல ஏறுங்க."

தம்பி அசையவில்லை.

"ஏறுடா" என்றாள் அவள்.

அவன் ஏறினான். அவள் சேலையைச் செருகிக்கொண்டு மண்ணில் படுத்தாள். நிப்பிளில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி மறுமுனையை எண்ணெய்ப் பாட்டிலுக்குள் விட்டாள். அதிகாரி பக்கத்தில் குந்திப் பார்த்தார்.

"மிதி!"

மேலேயிருந்து சத்தம் இல்லை.

"வாயைத் திறந்து சொல்லுடா! பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்..."

திறந்தாள். சோடா பாட்டில் மாதிரி குபுகுபுவென்று குமிழ்கள் பொங்கின. எண்ணெயை விடக் காற்றுதான் அதிகம் வந்தது. மேனேஜர்கூடக் குனிந்து பார்த்தார்.

"வேலை முடிஞ்சதும் பெடலைச் சோதிச்சது யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

"நான் பாத்தேன் சார். நல்லாத்தான் இருந்தது" என்றான் தம்பி, சீட்டிலிருந்து.

அவள் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். முதுகெல்லாம் மண். கண் சிவந்திருந்தது.

"பொய் சார். அவன் பாக்கல. நானும் கேக்கல. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்லை. அவன் கதவைச் சாத்தினான், நான் வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சு வீலை மாட்டினேன். ஓட்டிப் பாக்காம சாவியைக் கொடுத்தேன். என் புருஷன் வேகமா ஓட்டல. ஓட்டவும் மாட்டார். எறும்பு வந்தாலும் ஹார்ன் அடிச்சு வழி விடற மனுஷன் அவர். தப்பு எங்க பட்டறையோடது."

அதிகாரி இருவரையும் பார்த்தார். "குடும்பச் சண்டையைப் பிரேக்ல கொண்டு வந்து வச்சிருக்கீங்க" என்றார். அவர் வந்து பார்த்துச் சொல்லும்வரை பட்டறையில் பிரேக் வேலை எடுக்கக் கூடாது என்றார். இனிமேல் பள்ளிக்கூட வண்டி ஒன்றுகூட உங்கள் வாசலுக்கு வராது என்றார் மேனேஜர். வேன் மாமா கால் சரியானதும் வேலைக்கு வரலாம் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் தம்பி வெடித்தான். "அப்பா கடையை இன்னிக்கு நீ மூடிட்டேக்கா!"

"போர்டுலயே இல்லாதவ கடையை எப்படிடா மூட முடியும்?"

அவன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்குள் நுழையும்போது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்த கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "உங்க மேல தப்பு இல்லைன்னு ஊர் முன்னாடி நிரூபிச்சுட்டேன். வேலை உங்களுக்குத்தான். இனிமே எவனாவது வேகமா ஓட்டினவர்னு சொல்லட்டும், நாக்கை இழுத்து ஃபேன் பெல்ட்டுல மாட்டிடறேன்."

அவர் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கிளம்பும்போதே தெரிஞ்சுது" என்றார்.

"என்ன தெரிஞ்சுது?"

"பெடல் சரியில்லைன்னு. தெருத் திருப்பத்துலயே கீழே போச்சு. ரெண்டு தடவை வேகமா மிதிச்சா ஏறிச்சு. அப்படியே மிதிச்சு மிதிச்சு ஓட்டிட்டுப் போனேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுமா போனீங்க? திருப்பத்துலேர்ந்து பட்டறை எவ்வளவு தூரம்? கூப்பிட்டாலே கேக்குமே! ஏன் திரும்பி வரல?"

"திரும்பி வந்தா என்ன ஆகும்? நீ அவனைப் பிடிச்சுக்குவே, அவன் உன்னைப் பிடிச்சுக்குவான். பேச்சு இல்லாம இருக்கறது கைகலப்புல வந்து நிக்கும். ஏன் வம்பு, சாயங்காலம் பிள்ளைங்களை இறக்கிட்டு வந்து மெதுவாச் சொல்லிக்கலாம்னு..."

"பிள்ளைங்களை ஏத்தி இறக்கிட்டு!"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இறக்கத்துல பெடல் தரையைத் தொட்டப்போ பின்சீட்டைத்தான் திரும்பிப் பாத்தேன். காலியா இருந்துது. அப்புறம்தான் ஸ்டியரிங்கை ஒடிச்சேன். அதனாலதான் மேனேஜர்கிட்ட என் தப்புன்னு சொன்னேன். பொய் சொல்லல. என்ன தப்புன்னு மட்டும் மாத்திச் சொன்னேன்."

எந்த மனுஷனுக்காகத் தம்பியை ஊர் முன்னால் பொய்யன் ஆக்கினாளோ அந்த மனுஷன்! பொறுமைசாலி, எறும்புக்கும் வழி விடுகிறவர் என்று மார் தட்டினாளே! அவள் கையில் கிடைத்த தண்ணீர்ச் செம்பைச் சுவரில் வீசினாள். அது உருண்டு உருண்டு அவர் கட்டில் காலடியிலேயே வந்து நின்றது.

"திட்டு" என்றார் அவர். "திட்டிடு. பேசாம மட்டும் இருக்காதே."

"திட்டறதா? திட்டினா தீருமா? என் வாய்க்குப் பயந்து ஊரான் பிள்ளைங்களை அந்த வண்டியில ஏத்தப் பாத்தீங்களே! நான் என்ன பேயா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே படுத்து எடுத்துக் கொடுத்திருப்பேனே! நாளைக்குப் போங்க. போய் அந்த மேனேஜர்கிட்டச் சொல்லுங்க."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

"இன்னிக்குத்தானே வாங்கிட்டு வந்தே."

"தெரியாம வாங்கிட்டு வந்துட்டேன். கொண்டு போய்த் திருப்பிக் கொடுங்க!"

அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள். அழும்போதும் அவள் குரல் பெரிசு. பக்கத்து வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

மறுநாள் காலை, ஊன்றுகட்டைகளை அக்குளில் வைத்துக்கொண்டு அவர் பள்ளிக்கூட கேட்டின் முன்னால் டாக்ஸியிலிருந்து இறங்கினார். அவளும் கூட வரப்போனாள்.

"நீ வேண்டாம்" என்றார். "நீ வந்தா நீதான் பேசுவே."

அவள் வெளியே மரத்தடியில் நின்றாள். அவர் தத்தித் தத்திப் போவதைப் பார்க்கப் பார்க்க யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் தம்பியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கத்த ஆரம்பித்தான்.

"காலையிலேர்ந்து உன்னைத் தேடறேன். மூணு பேர் வந்து வேலை ஆகாமலே வண்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப சந்தோஷமா உனக்கு? மாமாவுக்காவது வேலை கிடைச்சுதே, அதைக் கொண்டாட வந்தியா?"

"வேலையை விடறதுக்கு வந்திருக்கார். பெடல் போனது அவருக்கு முன்னாடியே தெரியும்டா. தெரிஞ்சும் ஓட்டிட்டுப் போயிருக்கார்."

தம்பிக்கு முகம் சிவந்தது. "தெரிஞ்சுமா? அப்புறம் என்னத்துக்கு நம்மளைக் கொண்டு போய்... திரும்பி வந்து சொல்ல வேண்டியதுதானே?"

"நமக்குப் பயந்துட்டு வரலையாம்."

"நமக்கா?"

"எனக்கும் உனக்கும். நடுவுல மாட்டிக்க வேண்டாம்னு."

அவன் ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டான். ஹெல்மெட்டைக் கையில் வைத்துச் சுற்றினான். "எனக்கு யாரும் பயப்பட மாட்டாங்க. உனக்குத்தான் பயந்திருப்பார்" என்றான் கடைசியில்.

"ஆமாண்டா, எனக்குத்தான்! நான்தானே கதவைச் சாத்திட்டுப் போனேன்!"

"நான் சாத்தினேன். நீ கேட்டியா?"

"நீ சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? நீதான் வண்டிகிட்டப் பேசிட்டிருந்தியே!"

"நீ பம்பர்கிட்டப் பேசலை?"

வாட்ச்மேன் கேட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "அம்மா, ஐயா, உள்ளே பரீட்சை நடக்குது. பிள்ளைங்க கணக்கை விட்டுட்டு உங்க கணக்கை எழுதிடப் போகுதுங்க. கொஞ்சம் தள்ளிப் போய்ச் சண்டை போடுங்க."

அவர்கள் தள்ளிப் போவதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார். ஊன்றுகட்டை சரளைக் கல்லில் வழுக்கியது. தம்பி ஓடிப் போய்த் தோளைப் பிடித்தான்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் அவள்.

"பிள்ளைங்க ஏறுற வண்டி இனிமே கிடையாது. சரிதானே. கால் ஆறினதும் ஷெட்டுல வண்டி கழுவற வேலை இருக்கு, வேணும்னா வான்னாங்க."

"நீங்க?"

"வரேன்னுட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். மேனேஜரைத் திட்ட, கணவரைத் திட்ட, தம்பியைத் திட்ட, எல்லாச் சொல்லும் ஒன்றாக ஏறி வந்தது. வேன் ஓட்டின கை. நாளைக்கு வாளியும் துணியும் பிடிக்கப் போகிற கை. இதில் யாரைத் திட்டுவது?

தம்பிதான் பேசினான். அக்காவைப் பார்க்காமல், மாமாவின் முகத்தையும் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"மாமா... திருப்பத்துல முதல் மிதி எவ்வளவு தூரம் போச்சு? பாதியா, முழுசா?"

"பாதிக்கு மேல."

"அப்போ காத்து ரெண்டாவது வீல்லதான் நின்னிருக்கு. இன்னும் ரெண்டு சுத்து எடுத்திருந்தா..."

"இன்னும் மூணு" என்றாள் அவள். "அதையும் இவர் திருப்பத்துலேர்ந்தே திரும்பி வந்து சொல்லியிருக்கணும். நீ இறங்கும்போதே சொல்லியிருக்கணும். நான் படுத்துக்கிட்டே கேட்டிருக்கணும். மூணு பேர் இருந்தோமேடா! மூணு பேருக்கும் வாய் இருந்துதே!"

அவள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. வாட்ச்மேன் மறுபடி தலையை நீட்டினார். மூன்று பேரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.